நினைவைக் கூடிப் பழக்குவோம்

முதியோரை எங்கள் பிரிவுக்கு அழைத்து வரும் குடும்பத்தினர் பலர், நாங்கள் கேட்பதற்கு முன்பே ஒரு விளக்கத்தையும் கையோடு கொண்டு வருகிறார்கள்: “வயசாயிருச்சுல்ல டாக்டர், மறதி வரத்தான செய்யும்.” இதில் பாதி உண்மை. வயது ஏறும்போது தெரிந்தவரின் பெயர் நாக்கு நுனிவரை வந்து நின்றுவிடுகிறது. கண்ணாடியை வைத்த இடம் உடனே நினைவுக்கு வருவதில்லை. ஒரே நேரத்தில் இரண்டு வேலைகளைக் கவனிப்பது கடினமாகிறது. இவை இயல்பானவை. ஆனால் அந்தச் சொற்றொடருக்குள் ஒளிந்திருக்கும் மறுபாதி, அதாவது ‘இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை’ என்னும் முடிவு, தவறானது. அந்த முடிவினால் வீணாகும் ஆண்டுகளைப் பற்றியே இக்கட்டுரையில் எங்கள் கருத்தைச் சொல்ல விரும்புகிறோம்.

இந்தியா முழுவதும் முதியோரிடையே நடத்தப்பட்டு 2023-இல் வெளியான ஆய்வு ஒன்று, 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு டிமென்ஷியா எனப்படும் மறதிநோய் இருப்பதாகக் கணக்கிட்டது. எண்ணிக்கையில் ஏறத்தாழ 88 லட்சம் பேர். இது சிறிய தொகை அன்று. ஆயினும் அதே கணக்கைத் திருப்பிப் பார்த்தால், 100 முதியோரில் 92 பேருக்கு மேல் அந்நோய் இல்லை. மறதிநோய் முதுமையோடு கட்டாயம் சேர்ந்தே வருவது என்ற எண்ணத்தை இந்த ஒரு கணக்கே மறுக்கிறது.

இயல்பான மறதிக்கும் நோய்க்கும் இடையில் பல ஆண்டுகள் நீளும் ஓர் இடைவெளி இருக்கிறது. அந்த ஆண்டுகளில் முதியோருக்குப் பயன்படக்கூடியவற்றுள் முக்கியமான ஒன்று மருந்துக் கடையில் கிடைப்பதில்லை. அது மனத்துக்கான பயிற்சி. அதைத் தனியே செய்யாமல் நாலு பேரோடு கூடிச் செய்ய வேண்டும். வீட்டிலிருந்து நடந்து போகும் தொலைவில் செய்ய வேண்டும். வாரம் தவறாமல் செய்ய வேண்டும். மதுரையின் ஒவ்வொரு தெருவிலும், சுற்றியுள்ள ஒவ்வோர் ஊரிலும் இத்தகைய குழு ஒன்று அமைய வேண்டும் என்பதும், குடும்பத்தினர் தம் வீட்டு முதியோரை அதற்கு மனமுவந்து அனுப்ப வேண்டும் என்பதும் எங்கள் கருத்து.

பயிற்சி எதைத் தரும், எதைத் தராது?

அமெரிக்காவில் 1998-இல் தொடங்கப்பட்ட ‘ஆக்டிவ்’ என்னும் ஆய்வில், 65 வயதும் அதற்கு மேலும் ஆன 2,832 பேர் பங்கேற்றனர். அவர்கள் மறதிநோயாளிகள் அல்லர். தம் வேலைகளைத் தாமே பார்த்துக்கொண்டு வாழ்ந்தவர்கள். ஒரு பிரிவினருக்கு நினைவாற்றல் பயிற்சியும், மற்றொரு பிரிவினருக்குப் பகுத்தறியும் பயிற்சியும், மூன்றாம் பிரிவினருக்குக் கண்ணால் கண்டதை விரைந்து உணரும் பயிற்சியும் சிறு குழுக்களாக அளிக்கப்பட்டன. நான்காம் பிரிவினருக்குப் பயிற்சி எதுவும் இல்லை. ஒவ்வோர் அமர்வும் 60 முதல் 75 நிமிடம். மொத்தம் 10 அமர்வுகள்.

விளைவு தெளிவாக இருந்தது. எந்தத் திறனைப் பயின்றார்களோ அந்தத் திறன் வளர்ந்தது. பயிலாத திறன் வளரவில்லை. 10 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, பகுத்தறிதலிலும் விரைந்து உணர்தலிலும் பெற்ற பயன் எஞ்சியிருந்தது. நினைவாற்றல் பயிற்சியின் பயன் மங்கிவிட்டது. ஆயினும், பயிற்சி பெற்ற மூன்று பிரிவினருமே அன்றாட வேலைகளைச் செய்வதில் தமக்குச் சிரமம் குறைவு என்று கூறினர்.

இதிலிருந்து நாங்கள் கற்றுக்கொள்வன இரண்டு. முதலாவது, மனப்பயிற்சி வெறும் பொழுதுபோக்கு அன்று. முறையாகச் செய்தால் பலன் தரும். இரண்டாவது, எதைக் காத்துக்கொள்ள வேண்டுமோ அதையே பயில வேண்டும். கைப்பேசியில் ஒரே நிறக் கட்டங்களைச் சேர்க்கும் விளையாட்டை ஓராண்டு ஆடினால், அந்த விளையாட்டில் தேர்ச்சி கிடைக்கும். மாத்திரையை வேளை தவறாமல் எடுப்பதற்கும், பேருந்தில் மீதிச் சில்லறையைச் சரிபார்ப்பதற்கும் அது உதவும் என்று எதிர்பார்க்க இயலாது. ஆகவே, கட்டணம் வாங்கிக்கொண்டு ‘மூளையைக் கூர்மையாக்குகிறோம்’ என்று வரும் விளம்பரங்களை நம்பிப் பணம் செலவழிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். எந்தப் பயிற்சியும் மறதிநோயைக் குணப்படுத்தாது. அந்நோய் வரவே வராது என்ற உறுதியையும் தராது. இருக்கும் திறனைக் கூடுதல் காலம் கையில் வைத்திருக்க உதவும். முதியவர் பிறர் கையை எதிர்பார்க்கும் நாளைத் தள்ளிப்போட உதவக்கூடும். எங்கள் அனுபவத்தில், ஒரு குடும்பத்துக்கு அதுவே பெரிய உதவி.

ஏன் கூடிச் செய்ய வேண்டும்?

மறதிநோய்க்கான காரணங்களை ஆராய்ந்த லான்செட் மருத்துவ இதழின் வல்லுநர் குழு, 2024-இல் 14 காரணிகளைப் பட்டியலிட்டது. உயர் ரத்த அழுத்தம், நீரிழிவு, புகைபிடித்தல், உடல் உழைப்பின்மை, காது கேளாமை, பார்வைக் குறைவு, மனச்சோர்வு ஆகியவற்றோடு, மனிதத் தொடர்பற்ற தனிமையும் அப்பட்டியலில் இடம்பெற்றுள்ளது. இந்த 14-ஐயும் சரிசெய்ய முடிந்தால், உலகில் ஏற்படும் மறதிநோயில் ஏறத்தாழ 45 விழுக்காட்டைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்புண்டு என்பது அக்குழுவின் மதிப்பீடு. தனிமையில் இருக்கும் முதியவரிடம் ஒரு கைப்பேசியைக் கொடுத்து மூளைக்கு வேலை கொடுக்கச் சொன்னால், ஒரு காரணியைக் கவனித்து மற்றொன்றை வளர்த்தவர்கள் ஆவோம்.

ஃபின்லாந்தில் 2009-இல் தொடங்கிய ‘ஃபிங்கர்’ ஆய்வு, 60 முதல் 77 வயதுக்குட்பட்ட 1,260 பேரை எடுத்துக்கொண்டது. உணவு, உடற்பயிற்சி, மனப்பயிற்சி, ரத்த அழுத்தம் முதலியவற்றின் கண்காணிப்பு ஆகிய நான்கையும் சேர்த்து இரண்டாண்டு அளித்தபோது, பொதுவான ஆலோசனை மட்டும் பெற்றவர்களைவிட அவர்களின் அறிவுத்திறன் 25 விழுக்காடு கூடுதலாக முன்னேறியது. இதே வழியில் அமெரிக்காவில் நடந்து 2025-இல் வெளியான ஆய்வில் 2,111 பேர் பங்கேற்றனர். ஒரு பிரிவினர் இரண்டாண்டில் 38 முறை தம் வட்டாரத்திலேயே குழுவாகக் கூடித் திட்டமிட்டபடி பயின்றனர். மற்றப் பிரிவினர் 6 முறை மட்டும் கூடி, மற்றபடி தம் விருப்பம்போல் செய்துகொண்டனர். இரு பிரிவினரும் முன்னேறினர். அடிக்கடி கூடியவர்கள் சற்றுக் கூடுதலாக முன்னேறினர். கூடுதல் பயன் எந்தக் கூறினால் விளைந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. எனினும், கூடுவதும் ஒழுங்காகச் செய்வதும் சேர்ந்தே போகின்றன என்பதை எங்கள் நோயாளிகளிடமும் காண்கிறோம். நடைப்பயிற்சிக்குத் துணை கிடைத்தவர் நிறுத்துவதில்லை. தனியே தொடங்கியவர் பத்தாம் நாள் நிறுத்திவிடுகிறார்.

நோய் தொடங்கிவிட்டவர்களுக்கும் குழு பயன்படுகிறது. இங்கிலாந்தில் உருவாக்கப்பட்ட அறிவுத் தூண்டல் முறை 2003-இல் 201 பேரிடம் சோதிக்கப்பட்டது. வாரம் இரண்டு முறை, 45 நிமிட அமர்வுகள், ஏழு வாரங்களில் மொத்தம் 14. லேசான அல்லது நடுத்தர நிலை மறதிநோய் உடையவர்களின் அறிவுத்திறனும் வாழ்க்கைத் தரமும் அதனால் மேம்பட்டன. கிடைத்த பயன், அந்நோய்க்கான மருந்துகளின் பயனோடு ஒப்பிடத்தக்கதாக இருந்தது.

இம்முறை தமிழுக்கும் வந்துவிட்டது. சென்னையிலுள்ள ‘ஸ்கார்ஃப்’ எனப்படும் மனச்சிதைவு நோய் ஆராய்ச்சி நிறுவனத்தார், நம் பண்பாட்டுக்கும் மொழிக்கும் ஏற்ப இதை மாற்றியமைத்து, முதற்கட்டச் சோதனைகளின் முடிவை 2017-இல் வெளியிட்டனர். பின்னர் பிரேசில், தான்சானியா ஆகிய நாடுகளோடு சேர்ந்த பன்னாட்டுத் திட்டத்திலும் இந்தியாவின் பங்கு அமைந்தது. எனவே, ‘இதெல்லாம் வெளிநாட்டில் நடக்கும், நம்மூரில் நடக்காது’ என்று சொல்வதற்கு இனி இடமில்லை. சென்னையில் முடிந்தது மதுரையிலும் மேலூரிலும் உசிலம்பட்டியிலும் முடியும்.

மதுரைக்கு ஏற்ற பயிற்சி

எங்களிடம் வரும் முதியோரில், குறிப்பாகக் கிராமங்களிலிருந்து வரும் பெண்களில், பள்ளிக்கே போகாதவர்கள் பலர். எழுத்துப் புதிரும் குறுக்கெழுத்தும் அவர்களுக்குப் பயன்படா. தாளையும் பென்சிலையும் நீட்டினால், ‘எனக்கு ஒன்றும் தெரியாது’ என்று ஒதுங்கிவிடுவார்கள். ஆனால் அவர்களின் மனத்தில் இருக்கும் கணக்கும் வரிசையும் வழியும் ஏராளம். பயிற்சி அங்கிருந்து தொடங்க வேண்டும்.

நகரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் ஆடி வீதி. அதைச் சுற்றிச் சித்திரை வீதி. அடுத்து ஆவணி மூல வீதி. பிறகு மாசி வீதி. கடைசியாக வெளி வீதி. ஒவ்வொன்றுக்கும் நான்கு திசைகள். உள்ளிருந்து வெளியே சொல்லுதல், வெளியிலிருந்து உள்ளே திருப்பிச் சொல்லுதல், ஒரு முனையிலிருந்து மற்றொரு முனைக்கு மனத்தாலேயே நடந்து வழியில் வரும் கடைகளைச் சொல்லுதல் ஆகியவை கவனத்துக்கும் நினைவுக்கும் நல்ல பயிற்சிகள். வாங்க வேண்டிய பொருள்களை இந்த வழியில் ஒவ்வோர் இடமாக வைத்துப் பழகலாம்: தேரடியில் புளி மூட்டை, விளக்குத்தூண் உச்சியில் ஒரு தேங்காய், ரயில் நிலைய வாசலில் எண்ணெய் டின். பிறகு மனத்தால் நடந்து சென்று ஒவ்வொன்றாக எடுத்து வரலாம். நினைக்க வேண்டியதை இடத்தோடு இணைக்கும் இந்த உத்தியைப் பண்டைய கிரேக்க, ரோமானியப் பேச்சாளர்கள் கையாண்டனர். இன்றும் நினைவாற்றல் பயிற்சியில் கற்பிக்கப்படுகிறது.

கிராமத்தில் வேறு வகையாக அமையும். பெரியாறு வாய்க்காலில் தண்ணீர் திறந்ததும் நாற்றங்கால் தொடங்கி அறுப்பு வரை செய்யும் வேலைகளை வரிசை தவறாமல் சொல்லலாம். பத்துப் பேருக்குச் சமைக்கும் அளவை இருபத்தைந்து பேருக்கு மாற்றிக் கணக்கிடலாம். ஒருவர் விடுகதை போட மற்றவர் விடுவிக்கலாம். பழமொழியின் முற்பாதியை ஒருவர் சொல்லப் பிற்பாதியை அடுத்தவர் முடிக்கலாம். புள்ளி எண்ணிக்கை மாறாமல் கோலத்தை நினைவிலிருந்து போடலாம். பல்லாங்குழி, தாயம், ஆடுபுலி ஆட்டம் மூன்றும் முன்யோசனையும் எண்ணிக்கையும் கேட்பவை. இவற்றை ஆடினால் மறதிநோய் அண்டாது என்று நாங்கள் சொல்லவில்லை. முதியோர் விரும்பி வந்து உட்காரும் பயிற்சி, அவர்கள் அறிந்த வடிவில் இருப்பது நல்லது என்கிறோம்.

இவற்றோடு அன்றாட வாழ்வின் பயிற்சிகளும் கட்டாயம் சேர வேண்டும்: மாத்திரைப் பெட்டியைக் காலை, மதியம், இரவு என்று நிரப்புதல்; 500 ரூபாய் கொடுத்து மீதி எண்ணுதல்; பிள்ளைகளின் தொலைபேசி எண்ணை மனப்பாடமாகச் சொல்லுதல்; வங்கியிலோ ரேஷன் கடையிலோ கேட்க வேண்டிய மூன்று செய்திகளை நினைவில் வைத்துச் சொல்லுதல்.

மொழியும் ஒரு பயிற்சியே. ஹைதராபாத்தில் 648 மறதிநோயாளிகளை ஆராய்ந்து 2013-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், இரண்டு மொழி பேசுவோருக்கு நோய் தொடங்கிய வயது, ஒரு மொழி மட்டும் பேசுவோரைவிட ஏறத்தாழ நான்கரை ஆண்டுகள் தள்ளியிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் இந்த வேறுபாடு காணப்பட்டது. வீட்டில் சௌராஷ்டிரமும் வெளியில் தமிழும் பேசும் குடும்பங்கள் மதுரையில் எத்தனையோ உள்ளன; தெலுங்கு, கன்னடம் பேசும் குடும்பங்களும் உள்ளன. அந்த வீட்டுப் பெரியவர்கள் தாய்மொழியில் பேச ஆளில்லாமல் போகக் கூடாது. பேரப் பிள்ளைகளுக்கு அதைக் கற்றுக்கொடுக்கும் வேலையை அவர்களிடமே ஒப்படையுங்கள்.

அப்பத்தாவுக்கு எந்த இடம்?

எங்கள் வட்டாரத்து ஊர்களில் ஆண்கள் கூட இடங்கள் உண்டு. மந்தை இருக்கிறது, சாவடி இருக்கிறது, தேநீர்க் கடை இருக்கிறது. அங்கே செய்தித்தாள் வாசிக்கப்படுகிறது; வழக்குப் பேசப்படுகிறது; தாயம் உருளுகிறது. வயதான பெண்ணுக்கு வீடும் தொலைக்காட்சியும்தான் இருக்கின்றன. வயலிலும் அடுப்படியிலும் ஐம்பது ஆண்டு உழைத்தவர், முழங்கால் வலி வந்த பிறகு வாசற்படியைத் தாண்டுவது குறைந்துவிடுகிறது. நகரத்தின் அடுக்குமாடி வீடுகளில் நிலைமை இன்னும் மோசம். அங்கே பேசத் திண்ணைகூட இல்லை.

ஆகவே, குழு அமைப்போர் பெண்களின் நேரத்தைக் கேட்டு அமைக்க வேண்டும். சமையல் முடிந்து பேரப் பிள்ளைகள் பள்ளியில் இருக்கும் முற்பகல் வேளை பலருக்கு ஏற்றது. சமுதாயக் கூடம், கோயில் மண்டபம், ஊர்ப்புற நூலகம், பள்ளிவாசல் அல்லது தேவாலய வளாகம் எதுவாயினும் சரி. படி குறைவாகவும் கழிப்பறை அருகிலும் இருக்க வேண்டும். களஞ்சியம் போன்ற மகளிர் குழுக்கள் பல ஊர்களில் ஏற்கெனவே மாதந்தோறும் கூடுகின்றன. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் தன்னார்வலர்கள், ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மருந்து கொடுக்க வீடு வீடாகச் செல்கிறார்கள். எந்த வீட்டில் எந்த முதியவர் தனியே இருக்கிறார் என்பது எங்களைவிட அவர்களுக்கு நன்கு தெரியும். இவர்களுக்குச் சில நாள் பயிற்சி அளித்தால், ஒரு குழுவை அவர்களே நடத்த முடியும். ஒவ்வோர் அமர்வுக்கும் மருத்துவர் வரத் தேவையில்லை.

அமர்வின் ஒழுங்கு எளிது. எட்டு முதல் பத்துப் பேர். வாரம் இரண்டு நாள், அதே நாள், அதே நேரம். குழுவுக்கு அவர்களே ஒரு பெயர் வைக்கட்டும். தொடக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பாட்டு. இன்று என்ன கிழமை, என்ன தமிழ் மாதம், ஊரில் என்ன விசேஷம் என்ற பேச்சு. பத்து நிமிடம் கை கால்களை அசைக்கும் எளிய உடற்பயிற்சி. பிறகு அரை மணி நேரம் மனப்பயிற்சி. முடிவில் சர்க்கரை குறைந்த தேநீர். மாதம் ஒருமுறை ரத்த அழுத்தம் பார்த்துக் குறித்துக்கொள்ளலாம்.

வீட்டார் செய்ய வேண்டியவை

குழு வாரத்தில் இரண்டு மணி நேரம்தான். மற்ற நேரம் உங்கள் கையில் இருக்கிறது. அங்கே அன்பின் பெயரால் நடக்கும் இரண்டு வழக்கங்களை நிறுத்துமாறு கேட்டுக்கொள்கிறோம்.

ஒன்று, முதியோரைத் தேர்வு வைத்துப் பார்ப்பது. வீட்டுக்கு வந்தவர் முன்னிலையில் “இது யாருன்னு சொல்லுங்க பார்ப்போம்” என்று கேட்டு, தெரியாமல் விழிக்கும்போது சிரிப்பது அவர்களை ஊமையாக்கிவிடும். அறிவுத் தூண்டல் முறையின் அடிப்படை விதியே, தகவலைக் கேட்காமல் கருத்தைக் கேட்பது. “உங்க கல்யாணத்துல என்ன பலகாரம் போட்டாக?”, “இந்தக் குழம்புக்கு இன்னும் என்ன சேர்க்கணும்?”, “அப்ப சித்திரைத் திருவிழா நல்லாருந்துச்சா, இப்ப நல்லாருக்கா?” என்று கேளுங்கள். தவறான விடை என்று ஒன்று இல்லாத கேள்விக்கு யாரும் அஞ்சுவதில்லை.

மற்றொன்று, எல்லா வேலையையும் பிடுங்கிக்கொள்வது. ‘நீங்க சும்மா உட்காருங்க’ என்று சொல்லிக் காய் நறுக்குவதையும் பால் கணக்கையும் பூத்தொடுப்பதையும் எடுத்துவிட்டால், நாள் முழுவதும் மனத்துக்கு வேலையே இல்லாமல் போகிறது. வேகம் குறைந்தாலும், ஒன்றிரண்டு தவறினாலும், பாதுகாப்பான வேலைகளை அவர்களிடமே விட்டுவையுங்கள். அடுப்பு, மின்சாரம், பெரிய தொகை ஆகியவற்றில் மட்டும் கண்காணிப்பு இருக்கட்டும்.

‘அக்கம்பக்கத்தார் என்ன நினைப்பார்கள்?’ என்று தயங்குவோரும் உண்டு. மறதிக்கான குழு என்று பெயர் வைக்க வேண்டியதில்லை. நோய் உள்ளவர், இல்லாதவர் என்று பிரிக்காமல் 60 வயதைக் கடந்த எவரும் வரலாம் என்று அழைத்தால், கூச்சம் தானே விலகும்.

குழுவுக்கு முன் ஒரு பரிசோதனை

சில மறதிகளுக்கு மருத்துவம்தான் முதலில் தேவை. வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு சுரப்புக் குறைவு, மனச்சோர்வு, தூக்க மாத்திரை உள்ளிட்ட சில மருந்துகளின் விளைவு, தலையில் அடிபட்டுச் சில வாரம் கழித்து உள்ளே தேங்கும் ரத்தம் ஆகியவை கண்டறிந்து சரிசெய்யக்கூடியவை. பழகிய தெருவில் வழி தவறுதல், ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டல், பலகாலம் செய்த சமையலில் படி தவறுதல், பணக் கணக்கில் குழப்பம், குணத்தில் மாற்றம் ஆகியவை தென்பட்டால் மருத்துவரிடம் அழைத்து வாருங்கள். சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ திடீரெனக் குழப்பம் ஏற்பட்டால் அது அவசர நிலை, 108-ஐ அழையுங்கள்.

காதையும் கண்ணையும் மறக்க வேண்டாம். பேச்சு கேட்காதவர் குழுவில் உட்கார்ந்தும் தனியாகவே இருப்பார். கண்புரைக்கு இந்நகரில் சிகிச்சை எட்டாததன்று. 1976-இல் 11 படுக்கைகளோடு மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, நோயாளி வரட்டும் என்று காத்திராமல் ஊர் ஊராக முகாம் போட்டுப் பார்வை கொடுத்ததை எல்லோரும் அறிவோம். கண்ணுக்கு அன்று செய்ததை மனத்துக்கு இன்று செய்ய வேண்டும் என்பதே மருத்துவமனைகளுக்கும் மாநகராட்சிக்கும் ஊராட்சிகளுக்கும் எங்கள் வேண்டுகோள். ஊராட்சி தர வேண்டியது வாரம் இரண்டு முறை ஓர் அறை. மருத்துவமனை தர வேண்டியது நடத்துவோருக்கான பயிற்சி.

உங்கள் பகுதியில் குழு தொடங்க விரும்பும் குடியிருப்போர் சங்கங்களும் மகளிர் குழுக்களும், புறநோயாளிகள் நேரத்தில் எங்கள் முதியோர் நலப் பிரிவை அணுகலாம். முதியோர் உதவிக்கு 14567 என்ற எண்ணிலும், பராமரிப்போரின் மனச்சுமைக்கு ‘டெலி மானஸ்’ 14416 என்ற எண்ணிலும் கட்டணமின்றிப் பேசலாம். பெரிய ஏற்பாடு எதற்கும் காத்திருக்க வேண்டாம். ஆறு பேர், இரண்டு பாய், முதுகு சாய நாலைந்து நாற்காலி, ஒரு பல்லாங்குழிப் பலகை இருந்தால் வரும் வாரமே தொடங்கிவிடலாம்.